கால் எடுக்க ஒரு காரணம்

வடபழனி பஸ் டெப்போ வாசலை ஒட்டி ஒரு தகரக் கூண்டு உண்டு. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அதில் உட்கார்ந்திருப்பவர் ஆம்ப்ரோஸ். எந்த வண்டி எப்போது வந்தது என்று குறித்து, எது எப்போது கிளம்பலாம் என்று சொல்கிற டைம் கீப்பர் வேலை. அதற்கு முன் பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். சைதாப்பேட்டை மார்க்கெட் திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி அவருடைய ஸ்கூட்டரை இடித்ததில் இடது முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. நடக்க முடிந்தது, கிளட்சை மிதிக்க முடியவில்லை. ஓட்டத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுத, இலாகா அவருக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்தது. அப்போது வயது நாற்பத்து நாலு. இப்போது நாற்பத்தொன்பது.

அந்த நாற்காலியைப் பற்றி அவர் குறை சொன்னதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் வேறொரு நாற்காலியில் இருப்பார்.

தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே ஒடுங்கும் ஒரு சந்தில், புடவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஆசிஃப் ஒரு விளையாட்டுக் கூடம் நடத்துகிறார். ஸ்டியரிங்கும் பெடல்களும் பொருத்திய எட்டு இருக்கைகள், எதிரே எட்டுத் திரைகள். ஓட்டுகிறவர்கள் மொத்தம் இருபத்திரண்டு பேர். எட்டுப் பேர் கூடத்துக்கே வருவார்கள், மற்றவர்கள் வீட்டிலிருந்தபடி சேர்ந்துகொள்வார்கள். பந்தயம் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம்: பார்வைக்குச் சாதாரணக் கார் போன்ற கனமான வண்டிகள், முட்டை வடிவத்தில் நாலு கிலோமீட்டர் தடம், இரண்டு முனையிலும் சரிந்து உயர்ந்த வளைவு, முன்னூறு கிலோமீட்டர் வேகம். இடது பக்கம் மட்டும் திரும்பினால் போதும். கியர் மாற்றம் தொடக்கத்தோடு சரி. பிரேக்குக்கு வேலையே கிடையாது. வலது கால் ஒன்றே போதும்.

ஏன் எப்போதும் இந்த முட்டை வடிவ ஓவல் என்று கேட்டால், “சிம்பிளா கீது, அதான்” என்பார் ஆம்ப்ரோஸ். அது முழு உண்மை இல்லை. பல திருப்பங்கள் உள்ள சாலைத் தடம் என்றால் இடது காலால் பிரேக் பிடித்தால்தான் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியும். அவர் ஓட்டக்கூடியதென்று உலகத்தில் மிச்சமிருந்தது ஓவல் மட்டும்.

அந்த ஓவலுக்குத்தான் ஆபத்து வந்தது. தொடர்ந்து மூன்று ஞாயிறு, பந்தயம் ஒரே மாதிரி முடிந்தது. இருபத்திரண்டு வண்டிகளும் ஒரே மூட்டையாகச் சுற்றும். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவனை அந்த இடைவெளி இழுத்துக்கொள்ளும். தனியாகப் பிரிந்தவன் பின்தங்குவான், அதனால் யாரும் பிரிவதில்லை. கடைசிச் சுற்றுகளில் யாரோ ஒருவர் யாரையோ தொடுவார். பதினைந்து வண்டிகள் புகையில் போகும். தப்பியவர்களில் ஒருவர் ஜெயித்ததாக அறிவிக்கப்படுவார்.

மூன்றாவது ஞாயிறு அப்படி ஜெயித்தவள் நோரா. சாந்தோமில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஜெயித்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: “இதுக்கு எதுக்குப்பா ஓட்டணும்? சீட்டுக் குலுக்கிப் போட்டா நேரமாச்சும் மிச்சமாகும்.”

மயிலாப்பூர் வீட்டிலிருந்து ஓட்டும் ஆடிட்டர் சுந்தரராமனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “நான் ஆத்துல சிவனேன்னு உக்காந்துண்டு நேரா போயிண்டிருந்தேன். எவன் இடிச்சான்னே தெரியலை. கேட்டா எல்லாரும் ‘நான் இல்லை’ங்கறான். யாரைத் திட்டறது, சொல்லுங்கோ?”

ஆசிஃப் அதிகம் பேசுகிறவர் இல்லை. “ரெண்டு வாரம் டைம் தரேன். இத சரி பண்ண யாருக்காச்சும் வழி தெரிஞ்சா சொல்லுங்க. இல்லாட்டி ஓவல் கட். அடுத்த மாசத்துலருந்து ரோடு டிராக்.”

எட்டுப் பேரில் ஏழு பேர் தலையாட்டினார்கள். ஆம்ப்ரோஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நா சொல்றன். அடுத்த வாரமே சொல்றன்” என்றார்.

மூட்டையாகச் சேர்கிற வண்டிகளைப் பற்றி அந்தக் கூடத்தில் யாருக்காவது ஏதாவது தெரியும் என்றால் அது தனக்குத்தான் என்று அவர் நினைத்தது இயல்பே. பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிற பஸ்கள் அவருக்குத் தினமும் அதைக் காட்டின. முன்னால் வரும் வண்டியில் கூட்டம் ஏறும், அது தாமதமாகும். பின்னால் வருவதற்குக் கூட்டம் மிச்சமில்லை, அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். பாண்டி பஜார் தாண்டுவதற்குள் மூன்று பஸ் ஒன்றின் வாலில் ஒன்றாக வரும், பிறகு அரைமணி நேரம் ஒன்றும் வராது. டைம் கீப்பருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: இரண்டாவதை நிறுத்தி வைப்பது.

அதையே அவர் விதியாக்கினார். தொடக்கத்திலும், விபத்துக்குப் பிறகு வேகம் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி விலகும் ஒவ்வொரு முறையும், வண்டிகளை இரண்டு விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக விட வேண்டும். காகிதத்தில் அழகாக இருந்தது. அடுத்த ஞாயிறு அமல்படுத்தினார்கள்.

ஒரு விபத்தும் நடக்கவில்லை. வேறு எதுவும்கூட நடக்கவில்லை. இருபத்திரண்டு வண்டிகள் தடம் முழுக்கப் பரவி, யாரும் யாரையும் பார்க்காமல் ஐம்பது நிமிஷம் சுற்றின. முதலில் கிளம்பியது முதலில் வந்தது, கடைசியில் கிளம்பியது கடைசியில் வந்தது. இணையத்தில் வழக்கமாகப் பார்க்கும் நானூறு பேர் முப்பதாகக் குறைந்தார்கள்.

“இன்னா டைம் கீப்பர்,” என்றார் ஆசிஃப். “பஸ் உட்டுகினு கீறியா? அடுத்தது ஒரு விசிலும் வாங்கி தந்துருவேன் போல.”

“ஓய் ஆம்ப்ரோஸ்,” என்றது ஸ்பீக்கர். “நடுவுல எழுந்து போய் காபி கலந்து குடிச்சுட்டு வந்தேன். அப்பவும் அதே ஒன்பதாவது இடம்.”

நோரா மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணே, அதுங்க ஏன் சேருதுன்னு நீங்க பாக்கல. சேர்ந்ததப் பிரிச்சு வச்சீங்க, அவ்ளோதான்.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் சண்டைக்குப் போயிருப்பார். சொன்னது சரியாக இருந்ததால் படியிறங்கினார்.

பஸ்கள் ஒன்றையொன்று முந்தாமல் ஓட வேண்டும். பந்தயம் முந்துவதற்காக இருக்கிறது. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தது, இருபத்து மூன்று வருஷம் ஒரே இலாகாவில் இருந்தவர் செய்யக்கூடிய பிழை. இது அவருக்குத் திங்கள்கிழமை காலை கூண்டில் உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது. செவ்வாய்க்கிழமை வேறொன்றும் புரிந்தது. டெப்போவுக்குள் திரும்புகிற ஒரு பஸ்ஸின் சத்தத்தை வைத்தே, அதை ஓட்டுவது யார் என்று அவருக்குத் தெரிந்தது. திருப்பத்துக்கு எத்தனை அடி முன்னால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுபடுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மிதிப்பது எல்லோருக்கும் ஒன்றுதான். எடுப்பதில்தான் ஓட்டுநர் தெரிகிறான்.

ஓவலில் யாரும் காலை எடுப்பதே இல்லை.

நோரா முன்பு எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் வேகம் எல்லை மீறிப் போனபோது, பெரிய ஓவல்களில் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைச் சுருக்கினார்களாம். வேகம் குறைந்தது. ஆனால் அதன்பிறகு வளைவில்கூட முழுசாக மிதித்துக்கொண்டே போகலாம் என்றாயிற்று. எல்லோரும் முழுசாக மிதித்தால் எல்லோரும் ஒரே வேகம். ஒரே வேகத்தில் போகிறவர்கள் கூட்டமாகத்தான் இருப்பார்கள்.

புதன்கிழமை டியூட்டி முடிந்ததும் நேராகத் தி. நகர் போனார். பகலில் கூடம் காலி. விளையாட்டின் அமைப்புகளை மாற்றத் தெரிந்த ஆசிஃபை உட்கார வைத்து, மற்ற இருபத்தொரு வண்டிகளையும் கம்ப்யூட்டரே ஓட்டும்படி செய்யச் சொன்னார். பின்புறம் காற்றைத் தடுத்து வண்டியைத் தரையோடு அழுத்தும் தகட்டைக் கொஞ்சம் சிறிதாக்கி, எஞ்சினின் சக்தியைக் கொஞ்சம் கூட்டினார்கள். இப்போது வளைவில் ஒரு கணம் காலை எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிரேக் தேவைப்படவில்லை. மூட்டை ரப்பர் மாதிரி நீண்டது, நேர்தடத்தில் மறுபடி சுருங்கியது. முப்பதாவது சுற்றில் பத்து வண்டிகள் மோதின. பதினைந்து பத்தானது ஒரு முன்னேற்றம்தான். ஆசிஃப் “பரவால்லியே” என்றார்.

“இன்னும் கொற,” என்றார் ஆம்ப்ரோஸ்.

தகட்டைப் பாதியாக்கினார்கள். சக்தியை இன்னும் கூட்டினார்கள். நேர்தடத்தில் வண்டி வெறி பிடித்து ஓடியது. மூன்றாவது வளைவில் ஆம்ப்ரோஸ் காலை எடுத்தார். வண்டி கேட்கவில்லை, நேராகச் சுவரில் போய் ஏறியது. மறுபடி ஓட்டினார், மறுபடி சுவர். மூன்றாம் முறை, வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து தூக்கிப் பிரேக்குக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்தார். வளைவு கடந்தது. இடது கால் பிரேக்கில் காத்திருப்பவனுக்கு அந்தப் பயணம் கிடையாது. ஒரு முனைக்கு அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு, சுற்றுக்கு முக்கால் விநாடிக்கு மேல் நஷ்டம்.

திரையின் மூலையில் இருந்த படத்தைப் பார்த்தார். வண்டிகள் இரண்டும் மூன்றுமாக, தடம் முழுக்கச் சிதறியிருந்தன. முந்திக்கொண்டும் இருந்தன. அறுபது சுற்று முடிந்தபோது இரண்டு வண்டிகள் மட்டும் தனித்தனியாகச் சுவரில் முட்டியிருந்தன. அவர் பதினெட்டாவதாக வந்தார்.

ஆசிஃப் கொஞ்ச நேரம் பெடல்களைப் பார்த்தார். ஐந்து வருஷம் அந்தக் காலைப் பார்த்தவருக்கு அன்றுதான் கணக்கு கூடி வந்தது.

“நைனா, அந்த லெப்ட் காலு...”

“ஆமா.”

“அப்போ முன்ன பண்ணோமே, அதயே வச்சிக்கலாமே. பத்து வண்டிதான போச்சு. அதுக்கே அவனுங்க கை தட்டுவானுங்க. நா எதுவும் சொல்லல.”

இதில் யோசிக்க ஒன்றும் இல்லாதது போல ஆம்ப்ரோஸ் நடந்துகொண்டார் என்று எழுதினால் அது பொய். அன்று அவர் பஸ் ஏறாமல் மாம்பலம் ஸ்டேஷன் வரை நொண்டிக்கொண்டே நடந்தார். ரங்கநாதன் தெருக் கூட்டம் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. பாதி மருந்தைச் சொன்னால் ஓவல் இருக்கும், அவரும் அதில் இருப்பார். முழு மருந்தைச் சொன்னால் ஓவல் இருக்கும். சைதாப்பேட்டை வீட்டில் மனைவி ஷீலாவிடம் சொன்னார்.

“இன்னாய்யா இது,” என்றாள் ஷீலா. “நீ கடைசியா வரத்துக்கு நீயே ரூலு போட்றியா? ஊருல யாராச்சும் பண்ணுவானா?”

“அந்தப் பத்து வண்டிய பாத்துட்டேனே.”

“பாத்தா?”

பதிலைச் சனிக்கிழமை வரை தேடினார். பார்த்ததைப் பார்க்காத மாதிரி குறித்துவைக்க, டைம் கீப்பர் நாற்காலி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பதுதான் அதற்கு மிக அருகில் வரும் பதில். அதுவும் பெருமைப்படுகிற விஷயம் இல்லை. வெறும் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு முன் ஆசிஃப் கேட்டார்: “நைனா, எந்த மாத்தம் வைக்கட்டும்? சின்னதா, பெருசா?” கேள்வியின் அர்த்தம் இருவருக்கு மட்டும் தெரிந்தது.

“பெருசு வை,” என்றார் ஆம்ப்ரோஸ். மற்றவர்களிடம் சொன்னார்: “இன்னிக்கு வளவுல பிரேக் அடிக்கணும். அடிக்காதவன் செவுத்துக்குப் போவான். யாரும் யாரயும் இடிக்க வேணாம், நீங்களே போலாம்.”

முதல் பத்துச் சுற்றில் நாலு பேர் அப்படியே போனார்கள், பிறகு இன்னும் இருவர். அதில் யாரும் பக்கத்திலிருந்தவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை. இருபதாவது சுற்றுக்குள் மூட்டை அவிழ்ந்துவிட்டது. ஆம்ப்ரோஸ் ஒவ்வொரு இடமாகப் பின்னால் போனார். அவரை முந்தியவர்களின் பின்விளக்கை வைத்து யார் எங்கே காலை எடுக்கிறார்கள் என்று பார்த்தார். நோரா தாமதமாக எடுக்கிறாள். சுந்தரராமன் முன்னதாக எடுத்து, முன்னதாகவே மிதிக்கிறார். இத்தனை நாள் ஒரே கூட்டத்தில் சுற்றியும் இது தெரிந்ததில்லை.

ஐம்பத்தேழாவது சுற்றில் கண்ணாடியில் இருவர் வந்தார்கள். முதலிடத்துக்காகப் போட்டி போட்டுக்கொண்டிருந்த நோராவும் சுந்தரராமனும். ஒரு சுற்றுப் பின்தங்கியவன் வழிவிட வேண்டும், ஆனால் எந்தப் பக்கம் என்பது அவன் முடிவு. ஆம்ப்ரோஸ் சடாரென்று எதுவும் செய்யவில்லை. தன் கோட்டிலேயே, வளைவின் மேல்பக்கமாகவே போனார். வழக்கமான இடத்தில் காலை எடுத்தார், பிரேக்குக்குக் கொண்டுபோனார். நோரா கீழே நுழைந்தாள். மேலே வந்த சுந்தரராமன் அவர் பின்னால் மாட்டிக்கொண்டார். அந்த ஒரு வளைவில் பந்தயம் முடிந்தது.

நோரா முதல். ஆம்ப்ரோஸ் பதினாறு, ஓடி முடித்தவர்களில் கடைசி. கூட்டத்தோடு யாரும் புகையில் போகவில்லை.

ஸ்பீக்கர் வெடித்தது. “ஓய் ஆம்ப்ரோஸ்! உம்மாலதான் ஓய் தோத்தேன்! கீழ போயிருக்கப்படாதா? உமக்கு என்ன ஓய் என்மேல கோபம்? நான் ஒரு வளைவு முன்னாடியே பாத்துட்டேன், நீர் மேலதான் இருப்பீர்னு, அப்பவும் வந்து மாட்டிண்டேன் பாரும்!” பத்து நிமிஷம் திட்டினார். இரண்டு வாரம் முன்பு திட்ட ஆளில்லாமல் தவித்தவருக்கு இன்று விலாசம் கிடைத்திருந்தது. ஆம்ப்ரோஸ் ஹெட்போனைக் கழற்றாமல் முழுவதையும் கேட்டார்.

“இது பந்தயம்,” என்றாள் நோரா. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவருடைய பெடல்களை ஒருமுறை பார்த்தாள்.

ஆசிஃப் திரைகளை அணைத்துக்கொண்டே சொன்னார்: “ஓவல் இருக்கும். சரி, நீ?”

ஆம்ப்ரோஸ் எழுந்திருக்கவில்லை. இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். “மொத சுத்துல வலது காலு பிரேக்குக்கு போறதுக்கு எவ்ளோ ஆச்சுன்னு அந்த மிஷின் காட்டுமா?”

காட்டியது. பிறகு கடைசிச் சுற்றையும் கேட்டார். அதையும் காட்டியது. கடைசிச் சுற்றில் நேரம் குறைந்திருந்தது, ஆனால் வித்தியாசம் விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பர்ஸிலிருந்து ஒரு பழைய டிக்கெட்டை எடுத்து, இரண்டு எண்களையும் அதன் பின்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார்.

“அத அணைக்காத,” என்றார். “பத்து சுத்து ஓட்டிட்டு போறன்.”