பனியில் விட்ட தண்ணீர்

சவூதியின் வடக்கே குளிர்காலத்தில் உறைபனி விழும் என்றால் ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை. அந்தப் பனிக்காகத்தான் எங்கள் கம்பெனி அங்கே குதிரைமசால் போட்டிருந்தது. மாட்டுக்கும் ஒட்டகத்துக்குமான தீவனப்பயிர்; பண்ணையில் பர்சீம் என்பார்கள். நாங்கள் உருவாக்கிய புது ரகம் வாடல் நோயைத் தாங்கும் என்று நிரூபித்தாயிற்று. சான்றிதழுக்குக் குளிர்ச் சோதனை ஒன்றுதான் பாக்கி.

சோதனை கொஞ்சம் கொடூரமானது. பனி விழும் ராத்திரியில் கடைசி பிளாட்டுச் செடிகளைத் தண்ணீர் காட்டாமல் அப்படியே விட வேண்டும். சாவது சாகட்டும்; மறுபடி துளிர்ப்பதிலிருந்துதான் விதை எடுப்போம். தெளிப்பான் ஓடினால் மேலே உறையும் தண்ணீரே கவசமாகி நோஞ்சான் செடியும் பிழைத்துக்கொள்ளும், அத்தனையும் பாழ்.

பாசன டூட்டி பார்த்தவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். சோதனைக்கு மறுவாரம் அவருக்கு லீவ். தங்கை மகளுக்குக் காதுகுத்து. ஒரே தாய்மாமன், அவர் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும் என்று தேதியைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள்.

பனி எதிர்பார்த்த அன்று சாயங்காலம் டவுனில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து போன். "சார், கடைசி பிளாட்டுக்குத் தண்ணி?"

"விட்டுடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னேன். சோதனை விவரம் தெரியாத அவர், திறந்து விடுங்கள் என்று எடுத்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் தண்ணீர் கிடையாது என்பதற்கு இங்கே எல்லாரும் சொல்கிற 'பானி மாஃபி' என்றிருப்பேன், தீர்ந்தது. நம்ம ஊர்க்காரராச்சே என்று தமிழ் பேசியதில் வந்த வினை.

காலையில் போனால் மனுஷன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார். விடிய விடியத் தெளிப்பான் ஓடியிருக்கிறது. செடிகள்மேல் மெல்லிசாக ஐஸ், உள்ளே அத்தனையும் பச்சை. ஒன்றைக்கூடச் சாகவிடவில்லை என்று அவர் முகமெல்லாம் சிரிப்பு.

தப்பு என் வாயில்தான் என்று மேனேஜரிடம் அப்போதே சொன்னேன். யார் தப்பானால் என்ன, உபரியாக ஒதுக்கி வைத்த இன்னொரு பிளாட்டில் அடுத்த பனிக்கு மறுபடி சோதனை, அதுவரை பாசனக்காரர் நகரக்கூடாது என்றார். அவர் லீவ் போயிற்று. என் பொங்கல் லீவில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. நானும் வெட்கமில்லாமல் கோயம்புத்தூர் போய்ப் பொங்கல் சாப்பிட்டு வந்தேன். நான் திரும்பிய பிறகுதான் அடுத்த பனியே விழுந்தது. அவரும் போய் வந்திருக்கலாம்.

காதுகுத்து ஒன்றுவிட்ட மாமன் மடியில் நடந்தது. சான்றிதழ் வந்து ஆபீசில் கேக் வெட்டிய அன்று அந்த வீடியோவைக் காட்டினார். பிள்ளை வீறிட்டு அழுதது. என்னாலதான் என்று ஆரம்பித்தேன்.

"அட, அதை விட்டுடுங்க சார்" என்றார்.

விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஊர்க்கதை, சாப்பாடு, சினிமா எல்லாம் இன்றும் என்னோடு தமிழில்தான் பேசுகிறார். தண்ணீருக்கு மட்டும் போனில், "சார், பானி பந்த்?" என்று ஹிந்தியில் கேட்கிறார்.

நானும் "பந்த்" என்கிறேன்.