ஆளுக்கு அளவெடுத்த குளிர்

புறங்கையை வைத்துப் பார்க்காமல் ஐஸ் மாமா எதையும் நம்புவதில்லை. பழுதுக்கு வந்த பிரிட்ஜின் முதுகு, வேனின் கூரை, மனைவியின் நெற்றி, எல்லாவற்றுக்கும் அதே புறங்கைதான். வெப்பமானியைக் கொடுத்தால் மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "இருங்க, தொட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். பிரிட்ஜும் ஏசியும் பழுது பார்த்தே தலை நரைத்த மனிதர். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. சொந்த மச்சினனே வாசலில் நின்று, "ஐஸ் மாமா இருக்காரா?" என்றுதான் கேட்கிறான்.

வேலை செய்யும்போது வாய் சும்மா இராது. "ஏன்டா இப்படி மூச்சு வாங்குற, மலையா ஏறுன?" என்று கம்ப்ரஸரிடம் நலம் விசாரித்த பிறகுதான் திருப்புளியை எடுப்பார். டீயை நன்றாக ஆறவிட்டே குடிப்பார். அதுகூடத் தொழில் பக்திதான் என்று அவர் மனைவி கேலி செய்வார்.

மாமாவின் மனைவி என்பதால் அவர் தெருவுக்கே அத்தை. தையல்காரர். அவருக்கு நரம்பில் ஒரு கோளாறு. உடம்பில் சூடு ஏறினால் போதும், கால் மரத்துவிடும், பார்வை மங்கும், நாக்குக் குழறும். குளிர்ந்த பிறகுதான் மெல்ல மெல்லச் சரியாகும். அதனால் வெயில் காலம் முழுக்க ஏசி அறையே உலகம் என்றாயிற்று. தையல் மெஷினும் அந்த அறைக்குள்ளேயே குடியேறிவிட்டது. அத்தைக்கு ஒரே ஓர் ஆசை பாக்கி: கடற்கரையில் கண் விழிக்க வேண்டும். கதவைத் திறந்தால் எதிரே அலை இருக்க வேண்டும்.

"ஹோட்டல்ல ரூம் போட்டா முடிஞ்சுதும்மா" என்றான் மகன்.

"கண்ணாடி வழியா கடல் பாக்குறதுக்கு டிவியே போதும்டா. அதுல ரிமோட்டாவது என் கையில இருக்கும்."

அப்படித்தான் பழைய வேன் ஒன்று வாசலுக்கு வந்தது. மாமா உள்ளே கட்டில் போட்டார், கூரையில் சோலார் தகடுகள் பதித்தார், ஏசியும் மாட்டினார். கடற்கரையில் வண்டிகள் தங்கும் திடலில் ஜெனரேட்டருக்குத் தடை. தடையே இல்லாவிட்டாலும், பக்கத்து வண்டிக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்துத் தன் மனைவியைத் தூங்கவைக்க மாமாவுக்கு மனம் வராது. ஆகவே ராத்திரி முழுக்க ஏசி பேட்டரியிலேயே ஓடியாக வேண்டும். நடுவில் நின்றால் அத்தையின் காலும் கூடவே நின்றுபோகும். அந்தப் பயம் அவரை ஆட்டிவைத்தது.

ஒத்திகைக்காக வாசலில் நின்ற வேனில் தனியாகப் படுக்க ஆரம்பித்தார்.

"என்ன மாமா, வீட்ல சண்டையா?" என்று தெருவே விசாரித்தது.

"சண்டை பேட்டரியோடப்பா!"

ஒவ்வொரு தடவையும் விடிவதற்கு முன்பே பேட்டரி கையை விரித்தது. சுவருக்குள் பஞ்சு அடைத்தார். கண்ணாடிகளில் வெள்ளித்தாள் ஒட்டினார். இன்னொரு பேட்டரி சேர்த்தார், அதற்குத் துணையாக மற்றொன்றும் சேர்த்தார். பாரம் தாங்காமல் வேன் முனகியதுதான் மிச்சம். பிரிட்ஜ்காரர் புத்தி அப்படி. பெட்டி என்று ஒன்று இருந்தால் அதன் மூலைமுடுக்கெல்லாம் குளிர்ந்தாக வேண்டும். ஓட்டுநர் இருக்கையும், அடுப்பு மேடையும், செருப்பு விடும் இடமும் சில்லென்று சுகமாகத் தூங்கின. வியர்த்து விழித்தது மாமா மட்டும்தான். ஒருநாள் காலை, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "சரிப்பட்டு வராது போல" என்றார். எந்த இயந்திரத்தைப் பற்றியும் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிரவில்லை.

"வேன்ல யாருங்க தூங்கப் போறா?"

"நாமதான். வேற யாரு?"

"அப்புறம் ஸ்டியரிங்குக்கு எதுக்கு ஏசி? ஜாக்கெட் தைக்க ஒருத்தி வந்தா நான் அவளை அளவெடுப்பேனா, அவ வீட்டை அளவெடுப்பேனா?"

மாமா தலையில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இத்தனை நாளும் அவர் வேனைத்தான் குளிர வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றே அத்தை அவரைக் கட்டிலில் நீட்டிப் படுக்கவைத்து டேப்பைப் பிடித்தார். "காலை மடக்காதீங்க. குறட்டைக்குத் தனியா இடம் விடணுமா?" கட்டிலைச் சுற்றிக் கூரையிலிருந்து தொங்க, உள்ளே பஞ்சு வைத்த கனமான திரை ஒன்று தயாரானது. மூச்சு முட்டாமலிருக்க மேலே கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார். மாமா பெரிய ஏசியைக் கழற்றி எறிந்துவிட்டு, திரைக்குள் மட்டும் காற்று விடும் சின்ன ஏசியைப் பொருத்தினார். கூடுதல் பேட்டரிகளில் ஒன்று கடைக்கே திரும்பிப் போனது. ஒத்திகையில் ஏசி விடியும்வரை ஓடியது. ஆனாலும் வெயில் தாழ்ந்து கடற்கரைக்குக் கிளம்பும்போது பேட்டரி இணைப்புகளை இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தார்.

திடலில் முதல் வெளிச்சம் வந்தபோது மாமா சட்டென்று எழுந்து உட்கார்ந்து காதைத் தீட்டினார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் இன்னும் மிச்சமிருந்தது. அவருக்கு ஊரையே எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாகத் திரையை ஒதுக்கி, வேனின் கதவைத் தள்ளித் திறந்தார். எதிரே கடல், அத்தை கேட்டபடியே.

அத்தை கண் விழித்தார். வெகுநேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கொஞ்சமும் குழறாத குரலில் சொன்னார்:

"ஏங்க, காலெல்லாம் குளிருது. போர்வை எங்க?"

மாமா ஒவ்வோர் அலமாரியாகத் திறந்தார். ஸ்பேனர் இருந்தது, பியூஸ் இருந்தது, மாற்று விசிறி இருந்தது, வயர் சுருள் சுருளாக இருந்தது. போர்வை மட்டும் இல்லை. அத்தை போர்வை கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டதால் இருவருக்கும் அது நினைவிலேயே வரவில்லை.

"ஏசியை நிறுத்திடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். ஓடட்டும்."

பொத்தானுக்குப் போன கையை இழுத்துக்கொண்டார். சட்டையைக் கழற்றி, சில்லிப்பில் விரல்கள் சுருண்டிருந்த அத்தையின் கால்களில் போர்த்தி, ஓரங்களை ஒவ்வொன்றாக உள்ளே செருகினார்.