எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு

எழிலரசி கோபக்காரி என்று பெயர் எடுத்தவள் அல்ல. ஆட்டோக்காரர் அதிகமாகக் கேட்டால்கூட முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவாள். ஆனால் அன்று வந்த கோபம் லேசுப்பட்டதல்ல. மோர்மிளகாய் கொடுக்க எதிர்வீட்டு வனஜாவிடம் போனாள். அங்கே டிவியில் ஓடிக்கொண்டிருந்தது எழிலரசி வீட்டு விசேஷம்! மகள் பவ்யா மாலையும் கழுத்துமாக, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள். திரையின் மூலையில் பாரிவாக்கம் கேபிள் சேனலின் பெயர்.

“படம் முட்ஞ்சி இது வந்துச்சு. நீதான் போடச் சொன்னியோன்னு பாத்துக்கினு கீறேன்,” என்றாள் வனஜா.

மஞ்சள் நீராட்டு என்றதுமே பவ்யா முடியாது என்றவள். மண்டபம் கிடையாது, பேனர் கிடையாது, வெளியாள் ஒருவர் கண்ணிலும் வீடியோ படாது என்று எழிலரசி கையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் பிள்ளை மணையில் உட்கார்ந்தாள்.

வீடியோ இருந்தது ஒரே இடத்தில்தான். பழைய லேப்டாப் ஒன்றை ஹாலில் சர்வராக்கி, சினிமாக்களையும் வீட்டு வீடியோக்களையும் அதில் போட்டு டிவியில் பார்ப்பார்கள். திருவாரூரில் இருக்கும் எழிலரசியின் தம்பியும் பார்க்கட்டும் என்று வெளியிலிருந்து திறக்க வழி செய்து கொடுத்தவன், நெட் இணைப்பு கொடுத்த குணசேகரன். கேபிள் சேனலும் அவனுடையதுதான். எல்லா வீட்டுக்கும் போடுகிற அதே பாஸ்வேர்டைத்தான் இங்கேயும் போட்டிருந்தான். அம்பத்தூரில் வங்கி மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற எழிலரசி, தெரிந்த பையன்தானே என்று அதை மாற்றாமல் விட்டிருந்தாள்.

நேரே அவன் கடைக்குப் போனாள்.

“இன்னாக்கா கோச்சிக்கிற? உன்னாண்ட படம் நெறைய கீதேன்னு நம்ம சேனல்ல வுட்டேன். டீ குட்ச்சிட்டு வர்றதுக்குள்ள அட்த்தது தானா ஓடிச்சு. நல்ல விசேசந்தானே? ஊரே ஆசீர்வாதம் பண்ணிச்சுன்னு வச்சுக்கோயேன்.”

“உன் வீட்டுக்குள்ள பூந்து எவனாவது பீரோவைக் குடைஞ்சா சும்மா இருப்பியா? வயர் இழுக்க வந்தவனுக்கு என் பொண்ணை ஊருக்குக் காட்ட யாருடா உரிமை குடுத்தா?”

கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றதும்தான் அவன் முகத்திலிருந்து இளிப்பு போனது. அவள் சர்வரிலிருந்து இறக்கி வைத்திருந்ததையெல்லாம் அவள் கண்ணெதிரே அழித்தான்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக வெளி வழியை அடைத்தாள். ரூட்டரில் அவன் போட்டிருந்த பாஸ்வேர்டைத் தூக்கினாள். பிறகு, வேறு யார் வாயாலோ தெரிவதற்கு முன் பவ்யாவிடம் தானே சொன்னாள். பிள்ளை அழவில்லை. “சத்தியம் பண்ணியேம்மா,” என்று மட்டும் சொன்னாள். எழிலரசிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சர்வர் லேப்டாப்பை மகள் பக்கம் திருப்பி வைத்தாள்.

“புது பாஸ்வேர்டு நீயே போடு. எனக்குக்கூடச் சொல்லாதே.”

சாயங்காலம் கணவன் ஸ்ரீநாத் வந்து டிவியைப் போட்டான்.

“எழில், உள்ளே போக முடியலையே. பாஸ்வேர்டு என்ன?”

“பவ்யாவைக் கேளுங்க.”

“பவ்யா, பாஸ்வேர்டு சொல்லும்மா!”

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “எதுக்கு?”

ஸ்ரீநாத் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தான்.

“கேக்கிறா இல்ல, பதில் சொல்லுங்க,” என்றாள் எழிலரசி.