அக்கா நின்ற இடம்

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, ராஜபாளையத்தில், ஒரு மாசி மாதம் என் கணவர் காலமானார். கடைத்தெருவில் சின்னதாகச் செருப்புக்கடை வைத்திருந்தவர். மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சாப்பிட்டார். செத்த நேரம் படுக்கிறேன் என்று படுத்தார், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அந்தச் சாவைப் பற்றி இல்லை. அதன் பிறகு எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இடையில் நடந்ததைப் பற்றி.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டிலேயே இருப்பாள். வெள்ளைச் சேலை கட்டுவாள், நகை போடமாட்டாள், நெருங்கிய உறவல்லாத ஆண்கள் முன்னால் வரமாட்டாள். அதற்கு இத்தா என்று பெயர். பெண்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பேசலாம், கூடவே தங்கலாம். கணக்கு முடிந்ததும் பழையபடி வெளியே வரலாம், வண்ணச் சேலை கட்டலாம், வளையல் போடலாம். மறுமணம்கூடச் செய்துகொள்ளலாம்.

முதல் சில நாட்கள் எப்படிப் போயின என்றே எனக்குத் தெரியாது. பிறகு நாட்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோய்க் கிடந்தன. காலையில் பாயில் உட்கார்ந்து ஓத ஆரம்பிக்கும்போது வெயில் ஜன்னலடியில் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் கட்டில் கால் வரைக்கும் வந்திருக்கும். தூரத்தில் மில் சங்கு ஊதும், ஷிப்ட் முடிந்து வேன்கள் போகும். தூக்கமும் இல்லாமல் முழிப்பும் இல்லாமல் கிடக்கிற அந்த நேரத்தில், வாசலில் அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்க்கமாட்டேன். பார்த்தால் அவர் இல்லை என்று ஆகிவிடும். ஆனி பிறந்ததும் மலைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வர ஆரம்பித்தது. ஜன்னல் திரை உள்ளே பறந்து வந்து என் மடியைத் தொட்டுவிட்டுப் போகும், நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாராவது என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தைரியமாக இரு என்று கடைத்தெருவில் நிறுத்திச் சொல்லவும் ஆளில்லை. அழுகை வந்தால் அழுதேன், வராவிட்டால் சும்மா இருந்தேன். எல்லாப் பெண்ணுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்த நாட்கள் வேண்டியிருந்தன.

பக்கத்து வீட்டு அக்காவால்தான் அதைத் தாங்க முடியவில்லை.

அக்கா என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். நூல் மில்லில் கோன் சுற்றுகிற பிரிவில் வேலை. என் வீட்டு மிக்சி பழுதென்றால் தேங்காய் அவள் வீட்டில்தான் அரைபடும். அவள் வீட்டு கேஸ் தீர்ந்தால் அவள் குழம்பு என் அடுப்பில்தான் கொதிக்கும். அவளுக்கு ஒரே மகள். கணவர் முன்பே தவறிவிட்டார். அந்தத் துக்க வீட்டில் நானும் இருந்தேன். காரியத்தன்று அவளைக் கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்து, கை நிறைய வளையல் போட்டு, தலை கொள்ளாமல் பூ வைத்து உட்காரவைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வளையல் உடைகிற சத்தத்தைக் கேட்க முடியாமல் நான் எழுந்து வந்துவிட்டேன். நல்லவேளை, நம்மவர்களில் இப்படியெல்லாம் இல்லை என்று என் கணவரிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது என் முறை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அக்கா வந்து எட்டிப் பார்ப்பாள். முதலில் கூட உட்கார்ந்து அழுதாள். நாள் ஆக ஆக அவளுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. காற்று வாங்கவாவது வாசலுக்கு வா என்பாள். ஆட்டோ பிடித்து வருகிறேன், கோயில் குளம் வேண்டாம், சும்மா மலையடிவாரம் வரை போய்வருவோம் என்பாள். நான் சிரித்து மழுப்புவேன். இன்னும் கொஞ்ச நாள்தான் அக்கா, முடிந்ததும் நானே வருவேன் என்று சொன்னால் நம்பமாட்டாள்.

"ஏட்டி, எனக்குத் தெரியாதா இதெல்லாம்? மொதல்ல கொஞ்ச நாளும்பாக. பொறவு ஆயுசுக்கும் அப்படித்தான்" என்றாள் ஒருநாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அவளுக்கு நடந்ததைத்தான் அவள் என் மேல் பார்த்தாள். அது எனக்கு அப்போது புரியவில்லை, எரிச்சல்தான் வந்தது.

என் கொழுந்தனார் தினமும் காலையில் பாலும் காய்கறியும் வாங்கிவந்து கேட்டில் மாட்டிவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டுக்குள் வரமாட்டார், இத்தாவில் கொழுந்தனாரும் அந்நிய ஆண்தான். தன் கடையையும் பார்த்து அண்ணன் கடையையும் பார்த்து மனுஷன் பாதியாகிவிட்டிருந்தார். ஆனி மாதம் ஒரு காலையில் அவர் பையை மாட்டிக்கொண்டிருக்கும்போது தெருவில் ஜீப் வந்து நின்றது. இரண்டு பெண் போலீசார் இறங்கினார்கள். இந்த வீட்டில் ஒரு பெண்ணைக் கணவர் வீட்டார் மாதக் கணக்கில் அடைத்து வைத்திருப்பதாகப் புகார் வந்திருக்கிறதாம். அக்கா தன் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். யார் போன் பண்ணியது என்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வந்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தன்மையாகத்தான் பேசினார்கள். உங்கள் விருப்பத்தில்தான் இருக்கிறீர்களா, அடித்தார்களா, பூட்டினார்களா என்று கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, மன்னிச்சுக்கோங்கம்மா என்று சொல்லிப் போனார்கள். ஆனால் அதற்குள் தெருவே கூடியிருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கொழுந்தனார் கேட்டைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார். பழகிய முகங்கள் எல்லாம் அவரைத் திருடனைப் பார்ப்பது மாதிரி பார்த்தன. எனக்குள் கிடந்த அந்த அமைதியான நீரை யாரோ காலை விட்டுக் கலக்கினாற்போல் இருந்தது. அதன் பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவே இல்லை. என் கணவர் எனக்கு இரண்டாம் முறை போனது அன்றைக்குத்தான்.

மறுநாள் அக்கா வந்தபோது கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே சொன்னேன்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியாக்கா? இனிமே வராத."

கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆடியில் இத்தா முடிந்தது. என் தம்பி மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையும் வளையலும் கொண்டுவந்தான். கட்டிக்கொண்டு, முக்காடு போட்டு, வெளியே வந்தேன். வெயிலில் கண் கூசியது. தெரு பழையபடிதான் இருந்தது, எனக்கென்னவோ எல்லாம் கொஞ்சம் தள்ளி மிதப்பது மாதிரி தெரிந்தது. அக்கா தன் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் சேலையைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள். வாய் தன்னால் கேட்டுவிட்டது.

"அதுக்குள்ளயா?"

எனக்கு வந்ததே பாருங்கள் கோபம்! இத்தனை மாதம் என்னை அடைத்துப் போட்டுவிட்டார்கள் என்று போலீஸ் வரைக்கும் போனவள், வெளியே வந்தால் ஏன் வந்தாய் என்கிறாள். இருந்தாலும் குற்றம், வந்தாலும் குற்றம். விருட்டென்று உள்ளே போய்விட்டேன். இனி இவள் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

ஆவணி பிறந்ததும் அவள் மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. அந்த மாதக் கடைசியிலேயே, மாப்பிள்ளை ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில். பத்திரிகை வைக்க அந்தப் பெண்ணின் சித்தி, அதாவது அக்காவின் கொழுந்தனார் மனைவி, தட்டோடு வந்தாள். அக்கா வரவில்லை. என் மேல் அவ்வளவு கோபமா என்று நினைத்துத்தான் கேட்டேன். சித்தி தயங்கினாள்.

"அவிய வெளியதான் நிக்காக. நல்ல காரியம் சொல்லப் போகையில அவிய வீடு ஏற மாட்டாக."

எட்டிப் பார்த்தேன். அக்கா எங்கள் சுவரோரம், எதிர்ப்பக்கம் பார்த்தபடி நின்றாள். சொந்த மகள் கல்யாணம்! இருபது வருடமாகத் தன் வீடு மாதிரி வந்துபோன வீட்டுப் படியை அன்றைக்கு அவள் ஏறவில்லை. எனக்கு அவள் மேலிருந்த கோபமெல்லாம் அந்தச் சித்தி மேல் திரும்பியது, அவர்கள் சனம் முழுவதின் மேலும் திரும்பியது. இது என்ன மனுஷத்தனம் என்று இரவெல்லாம் கொதித்தேன். கல்யாணத்துக்குப் போவது என்று அப்போதே தீர்மானித்தேன். போய், அத்தனை பேர் முன்னால் அவள் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போவேன், எவள் தடுக்கிறாள் பார்ப்போம் என்று மனசுக்குள் ஒத்திகையே பார்த்தேன்.

முகூர்த்தம் காலையில். மண்டபத்தில் நுழையும்போதே மல்லிகையும் சந்தனமும் சாம்பார் வாசனையும் ஒன்றாக வந்து மூடிக்கொண்டன. அத்தனை மாதத் தனிமைக்குப் பிறகு எனக்கு அது முதல் கூட்டம். மேலே மின்விசிறிகள் சுற்ற, நாதஸ்வரம் எங்கேயோ தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்டது. யார் யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேடையில் அவள் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தாய் இருக்க வேண்டிய இடத்தில் சித்தி இருந்தாள்.

அக்காவைத் தேடினேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வாசலில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். புதுச் சேலைதான், வெளிர் நிறத்தில். இலை போட்டாச்சா, தண்ணி வெச்சாச்சா என்று யாரையோ விரட்டிக்கொண்டே, கழுத்தை மட்டும் நீட்டி மேடையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேராகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வா என்று இழுத்தேன்.

அவள் கை கட்டையாக விறைத்துப் போனது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியைத் தொட்டுக் காட்டினாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அந்தக் குனிந்த தலையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கொழுந்தனார் முகம் அது. ஜன்னல் இடுக்கில் நின்ற என் முகமும் அதுதான். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஜீப்பில் வராத போலீஸ்தானே நான்?

கையை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றேன். மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இருபது வருடத்தில் அவள் வீட்டு உப்பு புளி வரைக்கும் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை.

"அக்கா, ஒனக்கு எங்க நிக்கணும்னு இருக்கு?"

அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். தாலித்தட்டு கூட்டத்துக்குள் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"யாரும் எங்கிட்ட கேட்டதே இல்லட்டி." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "பக்கத்துல இருந்து பாக்கணும்னு இருக்கு. நீ புடிச்சு இழுக்காத. நானா வாரேன்."

தூணை விட்டு வெளியே வந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே போட்டிருந்த சிவப்பு விரிப்பில் அவள் நடக்க, நான் இரண்டடி பின்னால் நடந்தேன். எல்லாம் மெதுவாக நடந்தது. பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்குவது கேட்டது. ஓர் அம்மாள் முகத்தைச் சுளித்தாள். ஒரு கிழவர் எழுந்து, அவள் போக நாற்காலியை நகர்த்தினார். மேடையில் மகள் நிமிர்ந்தாள். தாயைப் பார்த்த அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

அக்கா மேடைப் படிக்கட்டின் அடியில் போய் நின்றாள். மேலே ஏறவில்லை. சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, அட்சதைத் தட்டைக் குனிந்து அக்காவிடம் நீட்டினாள். கெட்டிமேளம் முழங்கியது. அக்கா கை நிறைய அள்ளி மகள் தலையைப் பார்த்துப் போட்டாள். பாதி அக்கா மேலேயே விழுந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

இன்னும் மூன்று படிதான். ஏறு அக்கா, ஏறு என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பேசாமல் நின்றேன். அவள் ஒரு தடவை அந்தப் படிகளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "இது போதும்டி இன்னிக்கு" என்றாள்.

நாங்கள் பழையபடி பேசிக்கொள்கிறோம், சண்டையும் போடுகிறோம். என் இத்தாவை அவள் இன்றைக்கும் சரி என்று ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் வழக்கத்தை நானும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவருக்காக மனம் கொதித்துக் கை நீளும்போதெல்லாம், அந்தப் படிக்கட்டின் அடியில் தானாக வந்து தானாக நின்ற அக்கா ஞாபகத்துக்கு வருகிறாள், நான் கையை மடக்கிக்கொண்டு முதலில் அவரிடம் கேட்கிறேன்.