பினாயில் நாறிய கன்று

மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேலை என்றால் பாதி உதை வாங்குவதுதான், வாங்கியவர்களுக்குத் தெரியும். எண்பதுகளில் நான் வேலை பார்த்த சேக்காட்டில் ஒரு பசு பாலை அடக்கிக்கொண்டது. காரணம் நான்.

உதை

ஸ்டெல்லாம்மா வளர்த்த செவலைப் பசுவின் கன்று செத்துவிட்டது. கன்று இல்லாமல் அது பால் சுரக்காது. வழக்கப்படி தோலை உரித்து வைக்கோல் அடைக்கச் சொன்னேன். ஈ மொய்க்கக் கூடாதென்று பினாயில் ஊற்றிக் கழுவி, நானே கொண்டுபோய்ப் பசுவின் முன் நிறுத்தினேன்.

செவலை ஒரு தடவை முகர்ந்தது. அடுத்த நொடி நான் சாணத்தில் கிடந்தேன்.

"கண்டுபிடிச்சிடுச்சு சார்" என்றார் ஸ்டெல்லாம்மா.

"மாடு என்னத்தைக் கண்டுபிடிக்கும்? அதுக்கு ஏதும்மா யோசனை?"

"யோசனையே இல்லைன்னா, யாரை ஏமாத்த சார் இந்தப் பொம்மை?"

கல்

மறுநாளும் அதே கதை. மடி கல்லாகிவிட்டது. தொட்டால் சுட்டது. பால் இறக்கும் ஊசி ஆஸ்பத்திரியில் இருப்பில்லை. சாயங்காலத்துக்குள் கறக்காவிட்டால் மடி கெடும். மடி கெட்ட மாடு கறிக்குத்தான். ஸ்டெல்லாம்மாவின் வீட்டுக்காரர் அதற்குள் மாட்டுத் தரகர் ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஸ்டெல்லாம்மா கழுத்துச் சிலுவையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். செவலை எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கன்றைக் கட்டியிருந்த முளையையே பார்த்தது.

ஏழுமலை கயிறும் கையுமாக உள்ளே வந்தார். பொம்மையிடம் குனிந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா சார், கன்னுக்குட்டி ஆஸ்பத்திரி கக்கூஸ் கணக்கா நாறுது?"

சாக்கு

பொம்மையைத் தூக்கி வெளியே எறிந்தார். முளையடியில் கன்று படுத்திருந்த சாக்கு கழுவாமல் அப்படியே கிடந்தது. அதைச் சுருட்டிப் பசுவின் மூக்கருகே வைத்தார்.

செவலை காலைத் தூக்கியது. நான் விலகினேன். காலைக் கீழே வைத்துவிட்டது. பிறகு சாக்கை நக்க ஆரம்பித்தது; நிறுத்தவே இல்லை. ஸ்டெல்லாம்மா உட்கார்ந்து காம்பைத் தொட்டார். செம்பில் பால் விழும் சத்தம் கேட்டது.

"உனக்கு மாடு போச்சே, ஏழுமலை" என்றேன்.

"அது புள்ளைய நெனைச்சுக்கினு கீது சார். அத்தப் போயி எப்டி இஸ்துகினு போறது?"

மாட்டுக்கு யோசனை உண்டா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று அந்தக் கொட்டகையில் யோசனை இல்லாமல் நின்றவன் நான், பசுவைக் காப்பாற்றியவர் அதைக் கறிக்குப் பிடித்துப்போக வந்த ஏழுமலை.