அழிக்க மறந்த ஐம்பது

நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. எட்டாம் வகுப்பையே அலறவிடுகிற டீச்சர்தான். ஆனால் தேர்தல் வேலைக்கு உத்தரவு வந்தால் ரத்து செய்ய வழி உண்டா என்று அலைவேன். ஒரு சட்டமன்றத் தேர்தலில் தருவைகுளத்துக்கு வடக்கே ஒரு கடலோர ஊரில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போட்டுவிட்டார்கள்.

வாக்குப்பதிவு தொடங்கும் முன்பு கட்சி ஏஜெண்டுகள் கண்ணெதிரே ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். கணக்கு சரியாக வந்ததும் கிளியர் பட்டனை அமுக்கி அந்த ஐம்பதையும் அழித்துவிட்டு மெஷினுக்கு சீல் வைக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லியே உயிரை வாங்கியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஜன்னலோரம் யார் உட்காருவது என்று இரண்டு ஏஜெண்டுகளுக்குள் சண்டை. வெளியே மீன் விற்கிற பெண்களின் வரிசை. முதல் ஆளாக நின்ற அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, ஏலத்துக்குப் போணும், சட்டுனு ஆரம்பிங்க. போன தடவ லிஸ்ட்டுல எம் பேரே இல்ல. மூணு நடை நடந்துல்லா சேத்துருக்கேன்!"

சண்டைக்காரர்களைப் பிரித்து உட்காரவைத்து, அவசர அவசரமாக சீல் வைத்து, ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். அந்த அம்மாதான் முதல் ஓட்டு. மை வைத்த விரலை வரிசை முழுக்கக் காட்டிக்கொண்டே போனார்.

ஒன்பது மணிக்கு டோட்டல் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். பதிவேட்டில் இருப்பதைவிட ஐம்பது கூடுதல். பதிவேடு எழுதிக்கொண்டிருந்த மூத்த டீச்சருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏளா, அழிக்கலையா நீ? உடனே போனப் போடு" என்றார்.

போட்டிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் ஏதாவது வழி செய்திருப்பார்கள். எனக்கு சஸ்பென்ஷன் என்ற ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் ஓடியது. "சாயங்காலம் சொல்லிக்கிடலாம்க்கா" என்றேன். அதன்பிறகு மெஷின் ஒவ்வொரு தடவை பீப் அடித்தபோதும் அதோடு அந்த ஐம்பதைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் மண்டல அலுவலரிடம் உண்மையைச் சொன்னேன். மனிதர் தலையில் கை வைத்துவிட்டார்.

"என்னம்மா இது! காலையிலயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? இனி இந்த மெஷினத் தனியா ஒதுக்கிருவாங்க. ஜெயிக்கிறவருக்கும் ரெண்டாவது ஆளுக்கும் உள்ள வித்தியாசம் இந்த பூத்து ஓட்டவிடக் கூடுதலா இருந்தா, இதத் தொடவே மாட்டாங்க. கம்மியா இருந்தா, ஓட்டுப் போடப் போட பக்கத்துப் பெட்டிக்குள்ள அச்சாகி விழுந்த சீட்ட ஒண்ணொண்ணா எண்ணணும். அப்போ தொகுதி முழுக்க உங்க பேச்சுதான்."

வித்தியாசம் பெரிதாக வர வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. யார் ஜெயித்தால் எனக்கென்ன? திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சோதித்து சீல் வைத்து அனுப்புகிற கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர், "உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எவளாவது சீல் வைப்பாளா?" என்று சிரித்தார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

எங்கள் தெருப் பலசரக்குக்கடை அண்ணாச்சிக்குத் தொகுதியின் அத்தனை தேர்தலும் அத்துபடி. உளுந்து வாங்குகிற சாக்கில் மெல்லக் கேட்டேன்.

"நம்ம தொகுதில வித்தியாசம் எப்பவும் எப்படி வரும் அண்ணாச்சி?"

"அதச் சொல்ல முடியாது தாயி. இங்கன கடக்கரை, நடுவுல உப்பளம், மேக்க ஓட்டப்பிடாரத்துக் கரிசக்காடு. மூணும் ஒரே பக்கம் சாஞ்சா வித்தியாசம் எக்கச்சக்கமா போகும். கரிசலும் கடலும் முட்டிக்கிட்டா ஒத்த ஊரு ஓட்டுல தலைவிதி மாறிரும். அப்படித் தோத்தவரு ஒருத்தரு இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதத நான் பாத்துருக்கேன். தொகுதி எல்லைய மாத்தி வரைஞ்ச பொறவு இன்னும் மோசம்."

ஒத்த ஊரு ஓட்டு! உளுந்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓட்டு எண்ணும் நாள் வரைக்கும் சோறு இறங்கவில்லை.

அன்று டிவி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் சுற்றுகளில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் கரிசல் ஊர்களின் மெஷின்களைத் திறந்தார்கள். வித்தியாசம் எகிறிக்கொண்டே போனது. கடைசியில் என் பூத்து ஓட்டு முழுவதையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தாலும் முடிவு மாறாது என்றாகிவிட்டது. "முருகா, தப்பிச்சேன்!" என்று வாய்விட்டுக் கத்தினேன். பின்னால் ஒரு மெமோ வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன், எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் மீன் வாங்கக் குனிந்தேன். கூடைக்குப் பின்னால் அந்த முதல் ஓட்டு அம்மா. பார்த்ததுமே முகமெல்லாம் சிரிப்பு. கேட்காமலே கூடுதலாக ஒரு கை சாளை மீனை அள்ளிப் போட்டார்.

"நாங்க போட்ட ஆளு தோத்துட்டாரு டீச்சரம்மா. போகட்டும். எம் ஓட்டு கணக்குல சேந்துட்டுல்லா?"

அந்த ஊர் ஓட்டு ஒன்றைக்கூட யாரும் எண்ணவில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். எண்ணக் கூடாது என்று நேர்ந்துகொண்டவளே நான்தானே.

"சேந்துட்டும்மா" என்றேன்.

"அது போதும்" என்று பையை என் கையில் கொடுத்தார். மை வைத்த நகம் பாதி வளர்ந்து, கறை நுனிக்கு நகர்ந்திருந்தது. கூடுதலாகப் போட்ட சாளைக்கும் சேர்த்துக் காசை ஒண்ணொண்ணாக எண்ணிக் கொடுத்தேன்.