வெற்றிப் பாட்டின் மறுபாதி

ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாரத்துக்குரிய சட்டைகளை ஒரே மூச்சில் தேய்த்து, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு வரிசையாக மாட்டிவிடுவது என் பழக்கம். வீட்டில் இதைக் கேலி செய்யாதவர்கள் யாருமில்லை. நீலச் சட்டையின் காலரைத் தேய்க்கும்போது மகளின் அறையிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. பாட்டு என்று சொல்வதே அதிகம். எக்காளம் மாதிரி ஒரு சத்தம் மூன்று முறை தட்டி, நான்காவதில் நீண்டு, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். வீடியோ கேமில் எதிரியைச் சாய்த்தவுடன் வருகிற வெற்றி முழக்கம்.

என் வலது கட்டைவிரல் இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியை அழுத்தியது. அழுத்திய பிறகுதான் அழுத்தியதே எனக்குத் தெரிந்தது. அதே நேரத்தில் அங்கே அவளும் ஏதோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். பாட்டு பாதியில் அறுந்தது.

வாசலில் போய் நின்று, "அது என்ன பாட்டும்மா?" என்று கேட்டேன்.

"இந்த கேம்ல ஜெயிச்சா வாரது. எத்தனை பாகம் வந்தாலும் இது மட்டும் மாறாது. நான் பொறக்கதுக்கு முந்தியே இருக்குப்பா இது."

"தெரியும்."

"உங்களுக்கா?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து யாரும் நம்ப மாட்டார்கள்தான்.

அதன் பிறகு சட்டையில் மனம் நிற்கவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். சூடான துணியின் வாசனை மட்டும் என்னோடு நடந்து வந்தது. கூடவே வேறொரு வாசனையும், முப்பது வருஷத்துக்கு முந்தியது, அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. சூடேறிய அடாப்டரின் வாசனை. அதோடு கீழே அடுக்களையில் கொதிக்கிற நெய்ச்சோற்றின் வாசனை. இந்த இரண்டும் சேர்ந்து வருகிற இடம் உலகத்தில் ஒன்றுதான் எனக்குத் தெரியும். மேலப்பாளையத்தில் மைதீன் வீட்டு மாடி அறை.

மைதீன் என்னோடு கல்லூரியில் படித்தவன். படிப்பு முடிந்த அந்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலை, காத்திருப்பது. நான் அரசாங்கத் தேர்வு எழுதிவிட்டுப் பணி உத்தரவுக்காகக் காத்திருந்தேன். அவன் துபாயிலிருக்கும் அண்ணன் அனுப்பப்போகிற விசாவுக்காகக் காத்திருந்தான். காலையில் டவுணில் தட்டச்சு வகுப்பு எனக்கு. அது முடிந்ததும் சைக்கிளில் ஆற்றைக் கடந்து அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்தச் சாரல் மாதங்களில் பாலத்தின் மேல் எதிர்க்காற்று சைக்கிளைப் பிடித்துத் தள்ளும். இறங்கி உருட்டலாம், ஆனால் இறங்க மனம் வராது. எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்கிற அவசரம் அந்த வயதில் பெடலில்தான் போய் இறங்கியது.

கேம் பெட்டி அவன் அண்ணன் லீவில் வந்தபோது தன் மகனுக்காகக் கொண்டுவந்தது. மகனுக்கு அப்போது பால்பல்லே முளைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊரிலுள்ள பிள்ளைகளின் வயது சரியாகப் பிடிபடுவதில்லை. ஆகவே பெட்டி எங்கள் கைக்கு வந்தது. மைதீனின் உம்மா தேநீர்த் தட்டோடு படியேறி வரும்போதெல்லாம் தவறாமல் ஒன்று சொல்வார்.

"மீச மொளச்ச ரெண்டு தடியனுவ. காலாகாலத்துல கட்டி வச்சிருந்தா ஆளுக்கு ஒரு புள்ள இருக்கும். இங்கன உக்காந்து பொம்மைய அடிக்கானுவ."

"பொம்ம இல்லம்மா, பூதம்" என்பான் மைதீன், திரும்பாமலே.

ஜப்பான் மொழி விளையாட்டு அது. ஒரு எழுத்தும் எங்களுக்குத் தெரியாது. ஒரு வீரன், ஒரு மந்திரவாதி, ஒரு சின்னப் பெண், மூவரும் ஊர் ஊராகப் போவார்கள். வழியில் பூதங்கள் மறிக்கும். அடிப்பது மைதீனின் வேலை. வழி வரைவது என் வேலை. கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் மலை, குகை, கிணறு எல்லாம் அளவு பிசகாமல் வரைவேன். "பிள்ளைவாள், நீரு நில அளவைக்குப் போவும் வே. எதுக்கு இந்த கிளார்க்கு வேலை?" என்று கேலி செய்வான். எங்கள் வீட்டு மனிதர்களை ஊரில் கூப்பிடுகிற மரியாதைப் பேரைச் சொல்லித்தான் கல்லூரி நாளிலிருந்தே என்னைச் சீண்டுவான்.

எங்களுக்கு இருந்த ஒரே எதிரி பூதமில்லை, கரண்டு. பெட்டியை நிறுத்தினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். அதனால் டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியை ராத்திரி பகலாக ஓடவிட்டோம். அடாப்டர் கொதிக்கும். அதற்கு நேராக மேசை விசிறி. வீட்டில் வேர்த்து வழிகிறவர்களுக்கு இல்லாத விசிறி அதற்கு இருந்தது. அப்படியும் இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது மின்சாரம் போகும். வீரன் மறுபடியும் முதல் ஊரில் கந்தல் உடையில் நிற்பான். மின்சாரம் எடுக்கிற பாபநாசம் அணையே நிரம்பி வழிகிறது என்று பத்திரிகையில் படித்த அன்றும் அந்தத் தெருவில் கரண்டு போயிருக்கிறது.

முதல் ஊரில் ஒரு மண்டபம் உண்டு. அதில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர், முன்னால் ஒரு புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிற பெரியவரைச் சொல்வது போல, மைதீன் முதல் நாளே அவருக்கு ஹஜ்ரத் என்று பேர் வைத்துவிட்டான். வீரனை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவான், தானும் ஒரு சலாம் சொல்வான், உடனே திருப்பிவிடுவான். பெரியவர் ஏதோ ஒரு கேள்வி கேட்பார். ஆமாம், இல்லை என்பது போல இரண்டு சொற்கள் கீழே தோன்றும்.

"என்னமோ கேக்காரு லே. பதில் சொல்லிப் பாரேன்" என்று நான் சொன்னதுண்டு.

"சும்மா இரும் வே. ஓதிட்டு இருக்காவ. சலாம் சொல்லியாச்சுன்னா போயிட்டே இருக்கணும். நின்னு வாய் குடுக்கது மரியாத கெடையாது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. பின்னால் துறைமுக ஊரிலும் அதே பெரியவர் இருந்தார். அங்கேயும் சலாம், அங்கேயும் உடனே வெளியே.

எங்களுக்குள் சண்டை வந்ததெல்லாம் இந்த வெற்றிப் பாட்டால்தான். எதிரி விழுந்ததும் பாட்டு தொடங்கும். எக்காளம் நிமிர்ந்து நிற்கும் இடத்துக்கு வந்ததுமே மைதீனின் கட்டைவிரல் பொத்தானை அழுத்திவிடும். பாட்டு போய், அடுத்த பாதை வந்துவிடும். பார்த்துப் பார்த்து என் கட்டைவிரலும் தானாக அழுந்தப் பழகிவிட்டது. எனக்கு எதையும் முடித்துவைத்தால்தான் அடுத்ததைத் தொட முடியும். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் கை கழுவ மாட்டேன்.

"ஒரு தடவையாவது முழுசா கேப்போம் லே."

"கரண்டு போயிட்டுன்னா கச்சேரி கேட்டுட்டு இருந்தோம்னு சொல்லவா? கப்பல் ஏறிட்டு உமக்கு ராவெல்லாம் போட்டுக் காட்டுதேன்."

கப்பல்தான் எங்கள் குறி. துறைமுக ஊரில், கடலோரம் ஒரு பாய்மரக் கப்பல் நின்றது. அதற்குப் போகும் வழியில் மூன்று தலை உள்ள ஒரு பூதம் காவல் இருந்தது. அதைக் கொன்றால் கப்பல், கப்பல் கிடைத்தால் கடலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியும். விசா வருவதற்குள் அந்தக் கப்பலில் ஏறிவிட வேண்டும் என்பது நாங்கள் பேசாமலே செய்துகொண்ட ஒப்பந்தம். நாலைந்து முறை பூதம் வரை போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பூதம் ஜெயித்தது, அல்லது மின்வாரியம் ஜெயித்தது.

இவ்வளவு நடந்தும் என் நாட்குறிப்பில் அந்த மாதங்களைப் பற்றி இருப்பது 'மதியம் மைதீன் வீடு. சாரல். கரண்டு போயிற்று' என்பது மாதிரிச் சில வரிகள்தான். பாட்டைக்கூட ஒரு நாள் எழுதப் பார்த்திருக்கிறேன். 'டட்டட் டாஆ' என்று இருக்கிறது. இப்போது படித்தால் சைக்கிள் படியில் உருண்டு விழுந்த சத்தம் போலத்தான் கேட்கிறது.

கடைசி நாளும் சாரல் நாள்தான். ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அதன் இடுக்கில் ஒரு பத்திரிகையை மடித்துச் சொருகினேன். பூதத்துக்கு இரண்டு தலை போய்விட்டது, ஒன்றுதான் பாக்கி. அப்போது தெருவிலிருந்து எதிர்வீட்டுப் பெரியம்மாவின் குரல் வந்தது. அந்த வரிசையில் தொலைபேசி இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான்.

"மைதீனு! ஏ மைதீனு! துபாய் போனு! ஒங்க காக்கா லைன்ல இருக்கான், வெரசா வா!"

காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். மைதீன் கையிலிருந்த கன்ட்ரோலரை என் மடியில் வைத்தான். "புடியும். எதையும் அமுக்கிராதியும் வே" என்று சொல்லிவிட்டுப் படிகளில் தாவி இறங்கினான். நாம் உத்தரவு போடும்வரை பூதம் அப்படியே நிற்கும். அது அந்த விளையாட்டின் முறை. நானும் பூதமும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். வேர்த்துப்போன விரலைப் பொத்தானிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தான். என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான். வழக்கமாக வாயில் வருகிற வசவு ஒன்றுகூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது தலையும் சாய்ந்தது. பாட்டு தொடங்கியது. அவன் அழுத்தவில்லை. கையிலிருந்ததைப் பாயில் வைத்தான்.

"விசா வந்துட்டு."

"எப்பம் போணும்?"

"திங்கக்கெழம பம்பாய்க்கு ரயிலு. அங்கேருந்து பிளேனு."

"நல்லதுதான லே."

"நல்லதுதான்." ஜன்னலைப் பார்த்தான். "உம்மாட்ட நீரு சொல்லும் வே. எனக்கு வாய் வரமாட்டேங்கு. பிள்ளைவாள் சொன்னா அழ மாட்டா."

"அங்க என்ன வேலையாம்?"

"கடையிலதான். சாமான் அடுக்கணும். உமக்குக் குடுத்திருந்தா துபாயே வரிசையா நிக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் சிரிப்பு முடியுமுன் அறை இருண்டது. விசிறி மெல்லச் சுழன்று நின்றது. கீழேயிருந்து உம்மாவின் குரல்: "கரண்டு போச்சா? இனியாவது கீழ எறங்கி வாங்கலே!"

சொல்லப் போனேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெரு முழுவதும் கேட்ட குரல் அவருக்கும் கேட்டிருந்தது. அண்ணனின் பழைய பயணப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "நீயாவது அடிக்கடி வந்துட்டுப் போ மக்கா" என்றார். அந்த மாதமே எனக்கு அம்பாசமுத்திரத்தில் வேலை கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் மகளிடம் ஒரு மாதிரி சுருக்கிச் சொன்னேன். அவள் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "கரண்டு போனா எல்லாம் போச்சா? ஏன், சேவ் பண்ணலையா?"

"அதுக்கு வழி இருந்ததா?"

திரையில் ஒரு மண்டபத்துக்குள் போனாள். வெள்ளைத் தாடி, முன்னால் திறந்த புத்தகம். படம் இப்போது உயிருள்ள மனிதர் மாதிரி இருந்தது, ஆனாலும் அவரேதான். "இந்தத் தாத்தாகிட்ட ஆமான்னு சொன்னா போதும். அதுவரைக்கும் ஆடுனதெல்லாம் எழுதி வச்சிக்கிடுவாரு. மொத பாகத்துலேருந்து இவருக்கு இதுதான்பா வேல."

கட்டிலில் உட்கார்ந்தேன். எத்தனை சலாம்! ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது அதைத்தான். எழுதி வைக்கட்டுமா என்று.

"சரி, ஒண்ணு செய். ஒரு சண்டை போடு. ஜெயிச்சதும் அழுத்தாம விடு. அந்தப் பாட்டு எப்படி முடியுதுன்னு எனக்குத் தெரியணும்."

போட்டாள், ஜெயித்தாள், கையை எடுத்தாள். எக்காளம் நிமிர்ந்து நின்ற இடத்தைத் தாண்டியது. அதற்குப் பின்னால் நான் கேட்டேயிராத பகுதி, மெதுவாக, களைத்து வீடு திரும்புகிறவனின் நடை போல. அது தணிந்து, தணிந்து, மறுபடியும் மூன்று முறை தட்டி முதலிலிருந்து தொடங்கியது.

"முடியலையே?"

"இது முடியாதுப்பா. சுத்திக்கிட்டே இருக்கும். நாமதான் அழுத்தி நிப்பாட்டணும்."

அப்படியானால் அன்று அந்த மாடியில் அது எத்தனை சுற்று சுற்றியதோ. பம்பாய், பிளேன், உம்மா என்று பேசிக்கொண்டிருந்தோம்; மறுபாதி காதுக்குப் பக்கத்திலேயே போய்வந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

போனில் பாட்டைப் பதிவு செய்து, 'நம்ம கேம் பாட்டு' என்று எழுதி மைதீனுக்கு அனுப்பினேன். ஷார்ஜாவில் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறான். தலையில் முடியில்லை, பேரன் இருக்கிறான். பதில் வருவதற்குள் நான்கு சட்டைகளை எடுத்து மறுபடி மாட்டினேன், வரிசை மாறிப்போனது. கடைசியில் அவன் குரல் வந்தது.

"என்னது வே இது, ஒம்ம மவ பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியமா? அந்தக் கேம் பாட்டுங்கீரு... எனக்கு ஞாவகமில்ல வே. ஒரு பாட்டு இருந்துச்சா அதுல? ஆனா நம்ம ஹஜ்ரத்து ஞாவகமிருக்கு. தாடியும் அவுகளும். ஒரு நாளாவது அவுகள நாம தொந்தரவு பண்ணியிருப்போமா?"

உண்மையைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பாதியில் அழித்துவிட்டு, 'இல்ல மைதீன், பண்ணல' என்று அனுப்பினேன்.

மேலப்பாளையத்து வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பியிருக்கிறார்கள்; கீழே செல்போன் கடை. உம்மா இல்லை. போன் வந்திருக்கிறது என்று தெருவில் நின்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கரண்டு போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆட்டத்தை எழுதி வைக்கும் பெரியவரிடம் ஆமாம் சொல்ல இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மகள் சாப்பிடப் போயிருந்தாள். அவள் அறையில் பாட்டு இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. களைத்த நடை, மூன்று தட்டு, நிமிர்ந்த எக்காளம், மறுபடி களைத்த நடை. வீடு முழுவதும் அது நடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போய், எக்காளம் நிமிர்கிற இடம் வரும்வரை காத்திருந்து, கட்டைவிரலால் அழுத்தினேன். பாதியில் நின்றது. அதுதான் எனக்குத் தெரிந்த பாட்டு.